பொம்மைக் கார் களத்தில் ஒட்டவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

சின்னச் சிப்பாய் உருவங்களை மேசையில் நகர்த்தி, பகடை உருட்டி ஆடும் மினியேச்சர் போர் விளையாட்டுக்கு நகரத் தெரு ஒன்றைப் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கட்டடங்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், நாலு கார், ஒரு லாரி நிற்காத தெரு தெருவாகத் தெரியாது. விளையாட்டிலும் வண்டி இல்லாவிட்டால் பதுங்க இடமில்லை. இரண்டு சுற்றிலேயே பாதிப் படை சாய்ந்துவிடும். இதற்கென்றே ரெசினில் வார்த்த வண்டிகள் கிடைக்கின்றன. ஆனால் அதில் ஒன்று வாங்கும் காசில் பொம்மைக் கடையில் ஒரு பை நிறையக் கார் வாங்கிவிடலாம். நான் அப்படித்தான் என் மேசையை நிரப்பினேன். 28 மி.மீ. உருவங்கள், மக்கள் விட்டுவிட்டு ஓடிப்போன ஒரு நவீன நகரம், அதில் பெரிதும் சிறிதுமாக முப்பது வண்டிகள். அத்தனையும் பொம்மை.

வாங்கி அப்படியே மேசையில் வைத்தால் பெரும்பாலும் ஏதோ ஒன்று இடிக்கும். என்ன இடிக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் வைத்தியம். அதற்கு முன் ஒரு பழக்கத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். எந்தக் குறையாக இருந்தாலும், வண்டியின் பக்கத்தில் ஓர் உருவத்தை நிறுத்துங்கள். பிறகு குனிந்து, உங்கள் கண்ணை அந்த உருவத்தின் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். நின்றபடி மேலிருந்து பார்த்தால் கார் நன்றாகத்தான் இருக்கும். குனிந்தால்தான் குறை தெரியும்.

அறிகுறி: ஆளுக்கும் காருக்கும் அளவு பொருந்தவில்லை

எல்லோருக்கும் முதலில் வருவது இதுதான். என்னோடு விளையாடும் தம்பி ஒருவன் முதல் நாளே சொன்னான்: "அண்ணே, என் ஆளு இந்தக் காருக்குள்ள உக்காந்தா தலை கூரையைப் பிச்சிக்கிட்டு வெளிய வந்துடும்ணே." சரியாகத்தான் சொன்னான்.

காரணம் இது. பொம்மைக் கார் உற்பத்தியாளர்கள் அளவுகோலை வைத்துக்கொண்டு வண்டியைச் சுருக்குவதில்லை, பெட்டியை வைத்துக்கொண்டு சுருக்குகிறார்கள். 1953இல் இங்கிலாந்தின் லெஸ்னி நிறுவனம் தொடங்கிய மேட்ச்பாக்ஸ் வரிசைக்குப் பெயரே தீப்பெட்டியிலிருந்து வந்தது. தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மை என்பதுதான் அதன் தொடக்கம். 1968இல் வந்த ஹாட் வீல்ஸும் அப்படித்தான். பொதுவாக 1:64 என்பார்கள், அதாவது நிஜ வண்டியில் 64இல் ஒரு பங்கு. ஆனால் ஜீப்பாக இருந்தாலும் பஸ்ஸாக இருந்தாலும் ஏறக்குறைய 7 செ.மீ. நீளத்துக்குள் அடங்கியாக வேண்டும். அப்படியானால் ஜீப் குறைவாகச் சுருங்கியிருக்கும், பஸ் ஏகத்துக்குச் சுருங்கியிருக்கும்.

அதனால் அட்டையில் இருப்பதை நம்பாமல் நீங்களே அளந்து பாருங்கள். உண்மையான வண்டியின் நீளத்தை மில்லிமீட்டரில் எடுத்து, பொம்மையின் நீளத்தால் வகுத்தால் போதும். இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப் 3.33 மீட்டர். 70 மி.மீ. பொம்மை என்றால் ஏறக்குறைய 1:48. அம்பாசடர் சுமார் 4.3 மீட்டர். என்னிடம் இருக்கும் பிளாஸ்டிக் அம்பாசடர் 118 மி.மீ., ஆக 1:36 பக்கம். 12 மீட்டர் நகரப் பேருந்தை 75 மி.மீ.க்குள் அடைத்தால் 1:160.

இனி உருவத்தின் பக்கம் வருவோம். 28 மி.மீ. என்பதைப் பலரும் பாதத்திலிருந்து கண் வரை என்றே கணக்கிடுகிறார்கள். நிற்கும் ஆளின் கண் தரையிலிருந்து சுமார் 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கும். 1600ஐ 28ஆல் வகுத்தால் 57. ஆக உங்கள் சிப்பாய் 1:57 பக்கம். பொதுவாக 1:56 என்பார்கள். அப்படியானால் 1:64 கார் கொஞ்சம்தானே சிறியது, ஏன் இவ்வளவு சின்னதாகத் தெரிகிறது?

இங்கேதான் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. சிப்பாய் தரையில் நிற்கவில்லை, 3 மி.மீ. அடித்தட்டின் மேல் நிற்கிறான். அவன் கண் இப்போது 31 மி.மீ. உயரத்தில். சாதாரண செடான் காரின் கூரை 1.45 மீட்டர், அதாவது ஆளின் கண்ணுக்கு அரை அடி கீழே. அதை 1:64 ஆக்கினால் 22.7 மி.மீ. இரண்டுக்கும் நடுவே 8 மி.மீ.க்கு மேல் இடைவெளி. சிப்பாயின் அளவில் அது கிட்டத்தட்ட அரை மீட்டர். கார் அவன் மார்புக்குத்தான் வருகிறது. கண்ணுக்கு இடிப்பது இதுதான். நீளம் குறைந்தால் கண் பொறுத்துக்கொள்ளும், ஏதோ சின்ன மாடல் கார் என்று விட்டுவிடும். உயரம் குறைந்தால் பொறுத்துக்கொள்ளாது.

ஆகவே 1:64 காரை உயர்த்துங்கள். முதலில் காரையும் 3 மி.மீ. தட்டின் மேல் ஒட்டுங்கள். எம்.டி.எஃப். பலகை, கார்க், பழைய ஃபோம் போர்டு எதுவானாலும் சரி. ஓரத்தைச் சரிவாகச் சீவி, மணலும் பசையும் பூசி, தெரு நிறம் அடித்துவிட்டால் தட்டு இருப்பதே தெரியாது. இதிலேயே பாதிக் குறை போய்விடும். மீதிக்குச் சக்கரங்களைக் கழற்றிவிட்டுச் செங்கல் அடுக்கின் மேல் காரை உட்கார வையுங்கள். ஆளில்லாத தெருவில் நிற்கும் காரின் சக்கரத்தைத்தான் முதலில் கழற்றிக்கொண்டு போவார்கள், அதனால் பார்க்கவும் இயல்பாக இருக்கும். 75 மி.மீ. உயரச் செங்கல் இந்த அளவில் 1.3 மி.மீ. காரின் வயிற்றுக்கும் தரைக்கும் ஏற்கெனவே 2, 3 மி.மீ. இடைவெளி இருப்பதால், ஒவ்வொரு மூலையிலும் நாலு செங்கல் அடுக்கினால் கார் இன்னும் 2.5 மி.மீ. உயரும். இப்போது கூரை 28 மி.மீ., சிப்பாயின் கண் 31. அந்த 3 மி.மீ. அவன் அளவில் அரை அடி போலத்தான், உண்மையில் இருப்பது போலவே. இதை முதன்முதலில் செய்துவிட்டுக் குனிந்து பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் நினைவில் இருக்கிறது. காரில் வேறு எதையுமே மாற்றவில்லை.

1:43 கார் என்றால் வைத்தியம் நேர் எதிர். இந்த அளவு பிரிட்டனின் 'ஓ' (O) கேஜ் என்னும் பொம்மை ரயில் அளவோடு சேர்ந்து வளர்ந்தது. அங்கே ஓர் அடிக்கு 7 மி.மீ. கணக்கு. இதில் செடானின் கூரை 33 மி.மீ.க்கு மேல், தட்டில் நிற்கும் சிப்பாயின் கண்ணையும் தாண்டிவிடுகிறது. இதற்குத் தட்டு வைக்காதீர்கள். டயரின் அடிப்பகுதியை 2 மி.மீ. அளவுக்கு அரத்தால் தட்டையாக ராவி, காற்றுப் போனதாக நிறுத்துங்கள். இல்லாவிட்டால் டயரையே எடுத்துவிட்டு எரிந்த காராக்குங்கள். எரிந்த காரில் டயர் இருக்காது, வில்லும் தளர்ந்துபோய் உடல் தரையோடு படிந்திருக்கும். ஆக 1:43 கார் எரிந்த கார், 1:64 கார் செங்கல் மேல் நிற்கும் கார். நான் வாங்கும்போதே இப்படித்தான் பிரித்து வைப்பேன்.

என் அம்பாசடர் மாதிரி 1:36 ஆகிவிட்டால் உயரத்தால் சமாளிக்க முடியாது. இடிந்து விழுந்த கட்டடத்தின் அடியிலிருந்து முன்பகுதி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும்படி புதைத்துவிட்டேன். மிகச் சின்னதாக வந்த பஸ்ஸைத் தூக்கிப் போடாதீர்கள். 1:160 என்பது 'என்' (N) கேஜ் என்னும் பொம்மை ரயிலின் அளவு, 10 மி.மீ. உருவங்களுக்குப் பொருந்தும். லண்டனின் ரூட்மாஸ்டர் இரட்டை மாடிப் பேருந்து 8.4 மீட்டர். 75 மி.மீ. பொம்மை என்றால் 1:112, 15 மி.மீ. விளையாட்டில் தாராளமாக நிற்கும்.

இன்னொரு சின்ன வேலை. ஜன்னல்களை இருட்டாக்கிவிடுங்கள். உள்ளே சீட்டும் ஸ்டியரிங்கும் தெரிந்தால் கண் உடனே ஆளோடு ஒப்பிட ஆரம்பித்துவிடும். தெரியாவிட்டால் அந்தக் கேள்வியே எழாது.

அறிகுறி: பெயின்ட் நகத்தால் சுரண்டினால் பாளம் பாளமாக வருகிறது

முதலில் கழுவினீர்களா என்று யோசியுங்கள். அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வரப் பூசும் எண்ணெய் புதுப் பொம்மையில் மிச்சமிருக்கும், பழையதில் கைப்பிசுக்கு. பாத்திரம் கழுவும் சோப்பில் பழைய பல் துலக்கியால் தேய்த்து, ஒரு நாள் காயவிடுங்கள். உலோகக் கார் என்றால் 600 எண் உப்புத்தாளை ஈரமாக வைத்து மினுமினுப்பு போகும் வரை தேய்த்து, அதன் மேல் பிரைமர் என்னும் அடிப்பூச்சு. பெரும்பாலும் இதோடு சரியாகிவிடும். மிகப் பழைய பொம்மையாக இருந்தால் உலர்வாகத் தேய்க்கவே கூடாது. அந்தக் காலப் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், தூசு மூக்கில் போகும்.

கழுவியும் உரிகிறது, வண்டியும் பிளாஸ்டிக் என்றால் எந்தப் பிளாஸ்டிக் என்று கண்டுபிடியுங்கள். அடியிலிருந்து ஒரு சின்னத் துண்டு நறுக்கி, தண்ணீர் நிறைந்த டம்ளரில் போட்டு, விரலால் ஒருமுறை அமுக்கி விடுங்கள். மேலே மிதந்து வந்தால் அது பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரொப்பிலீன். இவை தண்ணீரைவிட லேசானவை, இவற்றில் பெயின்ட்டும் பிடிக்காது, ஃபெவிக்விக்கும் பிடிக்காது. மூழ்கினால் பாலிஸ்டைரீன், ஏ.பி.எஸ்., பி.வி.சி. இவற்றில் ஏதோ ஒன்று. முதல் இரண்டில் பெயின்ட் நன்றாகவே நிற்கும். பி.வி.சி.யின் கதையைக் கீழே சொல்கிறேன்.

மிதக்கும் வகைக்கு இரண்டு வழி. நிஜக் காரின் பம்பர் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன்தான், அதைப் பெயின்ட் செய்பவர்கள் முதலில் அடிக்கும் பிளாஸ்டிக் பிரைமர் ஒன்று உண்டு. கார் பெயின்ட் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி: வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவது. டிஷ்யூ தாளை ஒரே அடுக்காகப் பிரித்து, ஃபெவிகாலில் பாதி தண்ணீர் கலந்து நனைத்து, வண்டி மேல் போர்த்துங்கள். ஈரமாக இருக்கும்போதே தூரிகை முனையால் மடிப்புகளை இழுத்துவிட்டு, ஓரங்களை அடியில் திருப்புங்கள். மேலே நூல் கயிறு இரண்டு கட்டுங்கள். காய்ந்ததும் அது ஓடு மாதிரி இறுகிவிடும். பசை பிளாஸ்டிக்கைப் பிடிக்க வேண்டியதே இல்லை, சட்டை மாதிரி சுற்றிக்கொண்டு நிற்கும். அதன் மேல் எந்தப் பெயின்ட்டும் பிடிக்கும். பார்க்கவே சகிக்காத ஒரு பிளாஸ்டிக் லாரி இப்படித்தான் என் மேசையிலேயே அழகான பொருளானது.

அறிகுறி: ஒரு வாரம் ஆகியும் பெயின்ட் பிசுபிசுக்கிறது

காத்திருக்க வேண்டாம், இது காயாது. வளையும் தன்மையுள்ள மென்மையான பி.வி.சி.யில் கலந்திருக்கும் மென்மையாக்கி வெளியே கசிந்து ஸ்பிரே பெயின்ட்டோடு சேர்ந்துகொள்கிறது, அதனால் பெயின்ட் இறுகுவதே இல்லை. ரப்பர் மாதிரி வளையும் வண்டி, ரப்பர் மாதிரியான டயர், இரண்டுக்கும் இந்த நோய் வரும். அடித்ததைச் சுரண்டி எடுத்துக் கழுவிவிட்டு, தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கைத் தூரிகையால் இரண்டு மெல்லிய பூச்சாகக் கொடுங்கள். பிறகு மேலே அடிப்பதையும் அக்ரிலிக்கிலேயே அடியுங்கள். சுரண்ட முடியாத இடத்தில் பிசுபிசுப்பின் மேலேயே அக்ரிலிக் வார்னிஷ் கொடுத்தால் ஓரளவு அடங்கும்.

இதே டயர்கள் பெட்டிக்குள் பாலிஸ்டைரீன் உருவங்களோடு மாதக்கணக்கில் ஒட்டிக் கிடந்தால் உருவத்தின் பிளாஸ்டிக்கையே இளக்கிவிடும். வண்டிகளைத் தனிப் பெட்டியில் வையுங்கள். உலோகக் கார் என்றால் இன்னொரு காரணமும் உண்டு. பெட்டி சாய்ந்தால் துப்பாக்கி முனைகள் எல்லாம் போய்விடும்.

அறிகுறி: ஸ்பிரே அடித்த பரப்பு சொரசொரப்பாக, அல்லது வெள்ளை பூத்து இருக்கிறது

இரண்டும் வேறு வேறு. உப்புத்தாள் மாதிரி சொரசொரத்தால் தூரத்திலிருந்து அடித்திருக்கிறீர்கள், அல்லது கொளுத்தும் வெயிலில் அடித்திருக்கிறீர்கள். துளி வழியிலேயே காய்ந்து, தூளாகப் போய் விழுகிறது. 20 முதல் 30 செ.மீ. தூரத்தில், காலை வேளையில், நிழலில் அடியுங்கள். துருப்பிடித்த வண்டி செய்யப்போகிறீர்கள் என்றால் அந்தச் சொரசொரப்பை அப்படியே விடுங்கள், நன்மைதான்.

பால் படிந்த மாதிரி வெளுத்தால் காற்றின் ஈரம்தான் காரணம். மழைக்காலச் சாயங்காலத்தில் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் அடித்தால் பெரும்பாலும் வரும். தூரிகையால் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு கொடுங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும். நல்ல வெயில் நாள் ஒன்றில் மறுபடி மேட் அடித்துக்கொள்ளலாம்.

அறிகுறி: எல்லாம் செய்தாகிவிட்டது, இன்னும் பொம்மையாகத்தான் தெரிகிறது

இதுதான் எனக்கு மனதுக்கு நெருக்கமான பகுதி. குறை பெரும்பாலும் பெயின்ட்டில் இருக்காது. அந்த வண்டிக்கு என்ன நேர்ந்தது என்று நாம் யோசிக்காமல் விட்டதில் இருக்கும். கைவிட்ட கார் வேறு, எரிந்த கார் வேறு. இரண்டுக்கும் ஒரே பழுப்பு நிறத்தை அடித்தால் இரண்டுமே பொம்மைதான்.

கைவிட்டு நிற்கும் காரில் தண்ணீர் தேங்கும் இடத்தில் துரு தொடங்கும்: சக்கர வளைவின் உள்விளிம்பு, கதவின் அடிப்பட்டை, கண்ணாடியைச் சுற்றிய இடுக்கு. கூரையும் பானெட்டும் முதலில் வெயிலில் வெளுக்கும். ஆக, காரின் நிறத்தோடு கொஞ்சம் வெள்ளை கலந்து மேல்பக்கங்களில் மட்டும் தடவுங்கள். பிறகு பெட்டியில் வரும் நுரைப்பஞ்சைப் பிய்த்து, அடர் பழுப்பில் தொட்டு, முக்கால்வாசியைத் தாளில் ஒற்றி எடுத்துவிட்டு, விளிம்புகளிலும் அடிப்பட்டையிலும் மட்டும் லேசாகத் தட்டுங்கள். பஞ்சின் துளைகள் தாமாகவே ஒழுங்கில்லாத புள்ளிகளை உண்டாக்கும், தூரிகையால் அது வராது. அதிலிருந்து கீழ்நோக்கி நீர்த்த பழுப்புக் கோடு இரண்டு இழுத்தால் மழையில் வழிந்த துரு.

எரிந்த காரில் பெயின்ட்டே மிஞ்சாது. வெறும் இரும்பு, சில நாட்களிலேயே உடல் முழுக்க ஒரே சீராக இளந்துரு பிடித்துவிடும். அதன் நடுவே சாம்பல் வெள்ளைத் திட்டுகள். ஜன்னலுக்கு மேலே கூரை விளிம்பில் புகைக்கரி. கண்ணாடி எதுவும் இருக்காது.

துரு வெறும் ஆரஞ்சாகத் தெரிகிறது என்பது பலரும் சொல்லும் குறை. அடியில் அடர் பழுப்பு இல்லாமல் நேராக ஆரஞ்சை அடித்ததுதான் காரணம். முதலில் கறுப்போடு சேர்ந்த பழுப்பு, அதன் மேல் செம்பழுப்புத் திட்டு, கடைசியாக இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சமாக ஆரஞ்சு. பெயின்ட்டோடு சோடா உப்பு ஒரு சிட்டிகை கலந்தால் துருவின் பொருக்கும் வரும். எனக்குக் கைகொடுத்த இன்னொரு பொருள், தரைக்குப் போடும் ரெட் ஆக்சைடு பொடி. நம் பழைய வீடுகளின் சிவப்புத் தரை அதில்தான் போட்டது. அது இரும்பு ஆக்சைடு, அதாவது துருவின் நிறமேதான். உலர்ந்த தூரிகையால் தொட்டுத் தடவி, மேலே மேட் வார்னிஷ் அடித்துப் பிடிக்க வையுங்கள். அள்ளும்போது முகத்தில் மாஸ்க் இருக்கட்டும், மேசைக்கடியில் பழைய செய்தித்தாள் இருக்கட்டும். துணியில் பட்டால் போகாது.

கண்ணாடியை எப்படி உடைப்பது என்பதிலும் பலர் தவறிவிடுகிறார்கள். காரின் முன்கண்ணாடி இரண்டு தகட்டுக்கு நடுவே ஒரு படலம் வைத்து ஒட்டியது. அடிபட்டால் சிலந்தி வலை மாதிரி விரிசல் விட்டு, சட்டத்திலேயே நிற்கும். பக்கக் கண்ணாடி அப்படியல்ல, கற்கண்டு மாதிரித் தூள்தூளாகக் கொட்டிவிடும். ஆகவே பொம்மையின் பக்க ஜன்னல்களை வெட்டி எடுத்துவிடுங்கள், முன்கண்ணாடியை விட்டுவிட்டு ஊசியால் விரிசல் கீறுங்கள். கீறலில் வெள்ளையை நிரப்பித் துடைத்தால் தெளிவாகத் தெரியும். கதவுக்குக் கீழே தரையில், நறுக்கிய தெளிந்த பிளாஸ்டிக் துணுக்கைக் கொஞ்சம் தூவி ஒட்டுங்கள். நிஜக் கண்ணாடியை உடைத்துப் போடவே கூடாது, விளையாடும்போது கை அங்கேதான் போகும்.

மிச்சமிருக்கும் பொம்மைத்தனம் மூன்று இடங்களில் ஒளிந்திருக்கும்: பக்கவாட்டில் அச்சடித்த தீச்சுடர்ப் படமும் எண்களும், குரோம் பூசிய பளபளச் சக்கரம், வண்டியின் அடிப்பக்கத் தகட்டின் பளிச்சென்ற நிறம். அச்சை நகப்பாலிஷ் நீக்கியால் துடைக்கலாம், ஆனால் அசிட்டோன் தெளிந்த பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். ஜன்னலுக்குப் பக்கத்தில் போகாதீர்கள். வாகன எண் பலகை எழுதினால் கார் திடீரென்று ஓர் ஊரைச் சேர்ந்ததாகிவிடும். சின்ன வேலை, தவறாமல் செய்யுங்கள்.

அறிகுறி: ஜன்னலில் வெண்புகை படிந்துவிட்டது

ஃபெவிக்விக் வகைப் பசையின் ஆவி. ஜன்னல் பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள், ஃபெவிகாலோ அரால்டைட்டோ போதும். படிந்துவிட்டதென்றால் மெல்லிய பளபளப்பு வார்னிஷ் தடவிப் பாருங்கள். போகாவிட்டால் அதன் மேலேயே தூசு நிறத்தை அடித்து, வைப்பர் ஓடிய வளைவை மட்டும் துடைத்து விடுங்கள். எனக்கு இது இரண்டு முறை நேர்ந்தது. இரண்டு வண்டியும் அழகாகத்தான் நிற்கின்றன.

அறிகுறி: காரைத் திறக்க முடியவில்லை

முதலில், திறந்துதான் ஆக வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். களப்பொருளாக நிற்கும் காரில் பாதியைத் திறக்காமலேயே முடிக்கலாம். ஸ்பிரே அடிக்க வேண்டும் என்றால், ஜன்னலைக் காக்க டேப் போதும்.

திறக்கத்தான் வேண்டும் என்றால்: அடியில் ஒன்றோ இரண்டோ ரிவெட் இருக்கும், காளான் குடை மாதிரி விரிந்த தலையோடு. அந்தத் தலையை மட்டும் எடுத்தால் போதும், தண்டைத் துளைக்க வேண்டாம். காரைத் துணியில் சுற்றி வைஸில் பிடியுங்கள். கையில் பிடித்துக்கொண்டு துளைக்கவே கூடாது, பிட் வழுக்கினால் நேராக உள்ளங்கைதான். ஆணியால் நடுவில் ஒரு குழி தட்டி, 2 மி.மீ. பிட்டால் கொஞ்சம் இறக்கி, பிறகு 4 மி.மீ. பிட்டால் மெதுவாக. இது துத்தநாகக் கலவை, இரும்பு இல்லை. சீக்கிரமே தலை வளையமாகக் கழன்று பிட்டோடு சுற்றும், உடனே நிறுத்துங்கள். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். திரும்ப மூடும்போது அரால்டைட் இரண்டு சொட்டு போதும்.

அறிகுறி: பழைய உலோகக் கார் விரிசல் விட்டு உதிர்கிறது

பழைய வார்ப்பு என்றால் அது துத்தநாக நோயாக இருக்கலாம். வார்த்தபோது கலவையில் ஈயம் போன்ற அசுத்தம் கலந்திருந்தால், பல வருடம் கழித்து உள்ளிருந்தே வீங்கி வெடிக்கும். இதற்கு மருந்து இல்லை. பக்கத்துக் காருக்குப் பரவாது, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் அதில் உழைப்பைப் போடாதீர்கள்.

பழைய காரைப் பற்றி இன்னொன்று. பெயின்ட்டும் பெட்டியும் நன்றாக இருக்கும் பழைய டிங்கியோ (அதுவும் ஒரு பிரிட்டிஷ் பொம்மைக் கார் வரிசை) லெஸ்னி காலத்து மேட்ச்பாக்ஸோ கையில் கிடைத்தால் தயவுசெய்து அதன் மேல் துரு அடிக்காதீர்கள். அதைத் தேடிக்கொண்டு சேகரிப்பாளர் ஒருவர் இருப்பார். அவருக்குக் கொடுத்துவிட்டு, அந்தக் காசில் அடிபட்ட கார்கள் ஒரு பை வாங்கிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: கை பட்டால் கார் உருண்டு ஓடுகிறது

அச்சில் ஒரு சொட்டு ஃபெவிக்விக். தட்டில் ஒட்டியவற்றுக்கு அதுவும் தேவையில்லை. பின்னால் இழுத்து விட்டால் ஓடும் வகை என்றால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பெட்டியையே எடுத்துவிட்டு, அந்தக் குழியில் எம்-சீல் அடைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் வண்டிக்கு எடையும் கிடைக்கும்.

அறிகுறி: விளையாட்டு நடுவில் ஒவ்வொரு காருக்கும் வாக்குவாதம்

காரின் பின்னால் இருப்பவன் தெரிகிறானா? கூரை மேல் ஏறலாமா? கதவுக்குப் பின்னால் பதுங்கினால் குண்டு துளைக்குமா? அழகாகச் செய்த மேசையிலும் இந்தச் சண்டை வரும். விதிப்புத்தகங்கள் இதை ஆளுக்கொரு விதமாகச் சொல்கின்றன. ஆகவே முதல் பகடை உருட்டும் முன்பே எதிராளியோடு மேசையை ஒருமுறை சுற்றி வந்து, ஒவ்வொரு வண்டியையும் தொட்டுச் சொல்லிவிடுங்கள். நாங்கள் வைத்திருக்கும் வழக்கம்: எஞ்சின் பக்கம் கெட்டியான மறைப்பு, கதவுப் பக்கம் லேசான மறைப்பு, ஏனென்றால் கதவுத் தகட்டைத் துப்பாக்கிக் குண்டு துளைத்துவிடும். எரிந்த காருக்கும் எஞ்சின் உண்டு, அதற்கும் இதே விதி.

கூரை மேல் ஏறலாம் என்று முடிவானால் அங்கே உருவம் நிற்க வேண்டுமே. வளைந்த கூரையில் உருவத்தின் 25 மி.மீ. அகல அடித்தட்டு வழுக்கும். கூரையில் நசுங்கிய பெட்டி ஒன்றையோ, விரித்துப் போட்ட பலகை ஒன்றையோ ஒட்டி அதன் மேல்பரப்பைச் சமமாக்கிவிடுங்கள். நான் ஒரு காரின் கூரையில் மெத்தை வைத்துக் கட்டியிருக்கிறேன். ஊரை விட்டு ஓடிய குடும்பம் ஒன்று ஏற்றிவிட்டு, கடைசியில் காரையே விட்டுவிட்டுப் போனதாகக் கணக்கு. தம்பியின் குறிபார்த்துச் சுடுபவன் எப்போதும் அதைத்தான் முதலில் பிடிப்பான்.

இடைவெளியையும் பாருங்கள். இரண்டு காருக்கு நடுவே 20 மி.மீ. இருந்தால் கண்ணுக்கு ஆள் போகலாம் போலத் தெரியும், 25 மி.மீ. தட்டு போகாது, உடனே பேச்சு தொடங்கும். ஒன்று, பம்பரோடு பம்பர் ஒட்டி வழியை அடைத்துவிடுங்கள். அல்லது 35 மி.மீ.க்குக் குறையாமல் விடுங்கள், அப்போது 32 மி.மீ. தட்டும் தாராளமாகப் போகும். வண்டிகளை ஓரமாக வரிசையாக நிறுத்தாதீர்கள், அது வண்டி நிறுத்துமிடம் மாதிரி இருக்கும். சந்திப்பில் ஒன்று குறுக்கே, அதன் மேல் மோதி நின்ற இன்னொன்று, கதவு திறந்தபடி நடைபாதையில் ஏறி நிற்கும் மூன்றாவது. எல்லா வண்டியும் ஊரை விட்டு வெளியேறும் திசையைப் பார்த்தே நிற்கட்டும். வைத்து முடித்ததும் தெருக்கோடியில் ஒரு சிப்பாயை நிறுத்தி, அவன் கண் மட்டத்துக்குக் குனிந்து பாருங்கள். அவனுக்கும் எதிர்ப்புறத்துக்கும் நடுவே நேர்க்கோடு திறந்திருந்தால், பஸ்ஸைக் கொஞ்சம் திருப்பி வையுங்கள்.